கண்ணாடிக்குள் ஒரு கடல்: மீண்டும் தொடங்குவதா, விட்டுவிடுவதா?



பதுளையில் என் தங்கையின் வீட்டு முன்மண்டபத்தில் நான்கடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. 200 லீட்டர் உப்புத்தண்ணீர் கொள்ளும். ஒரு காலத்தில் அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பசறைப் பக்கத் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க டவுனுக்கு வரும் சிலர்கூட, தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசலில் நின்று "கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்பார்கள். கடந்த டிசம்பரில் நான் போனபோது அந்தத் தொட்டியின் மேல் ஒரு கம்பளி விரிப்பு கிடந்தது. ஜனாஸாவைப் போர்த்தியது போல இருந்தது.

"ஏன் மூடி வெச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"வாரவங்க எல்லாரும் கேக்குறாங்க நானா. பதில் சொல்லி அலுத்துப் போச்சு" என்றாள். பிறகு தேத்தண்ணீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "இதத் திரும்பத் தொடங்குறதா, இல்லாட்டி வித்துப் போட்டு வேற வேலயப் பாக்குறதா? அவர் கட்டார்ல இருந்து, சாமான் எல்லாம் அனுப்புறேன், தொடங்கு என்றார். உம்மா, வீட்ட விட்டு வெளியாக்கு என்றா. நீங்க ஒரு முடிவச் சொல்லுங்க."

அரபுக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஓதிக் கொடுப்பவனுக்கு மீன் தொட்டியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், தொடங்கிய ஒன்று நலிந்து நிற்கும்போது அதைத் தொடர்வதா, விடுவதா என்ற கேள்வி எந்த வீட்டில் இல்லை? தையல் மெஷினாக இருக்கலாம், கோழிக்கூடாக இருக்கலாம், பாதியில் நிற்கும் மேல்மாடியாக இருக்கலாம். மெஷின் துருப்பிடித்தால் நஷ்டம் பணத்தோடு போய்விடும். உயிருள்ளவை நம் கவனக்குறைவால் செத்தால் அந்தக் கணக்கு வேறு. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே அன்றிரவு அங்கேயே தங்கி, தொட்டியின் கதையை முதலிலிருந்து கேட்டேன்.

உப்பு மலையேறிய கதை

ஊவா மாகாணத்துக்குக் கடல் இல்லை. பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்களில் எதிலும் அலை வந்து தொடும் ஓர் அடி நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் உப்புக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. வீதிகளும் ரயிலும் வருவதற்கு முன், கண்டி இராச்சியக் காலத்தில், கரையோரத்திலிருந்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, திரும்பும்போது பாக்கு ஏற்றிச் சென்ற தவளக்காரர்களில் நம்மவர்கள் பலர் இருந்தார்கள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924ல்தான். அதுவரை ஒரு பிடி உப்பின் அருமை இங்குள்ள உம்மாமார்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஊரில் ஒருவர் கடலையே வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார். அவர்தான் என் மச்சான். கட்டாரில் வேலை செய்த வீட்டில் அப்படி ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறார். 2020ல் கொரோனாக் காலத்தில் ஊரோடு இருந்தபோது, கையிலிருந்த சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டுத் தொடங்கினார். 2022ல் நாடு முழுவதும் மின்வெட்டு வந்து, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, நினைவிருக்கிறதா? அப்போதும் அவர் வீட்டில் இருந்ததால் பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பை வைத்துக் காப்பாற்றிவிட்டார். 2023ல் மீண்டும் கட்டாருக்குப் போனார். தொட்டி தங்கையின் தலையில் விழுந்தது.

முருகைக்கல் கல்லல்ல

இந்தத் தொட்டியில் இருந்தவை வெறும் மீன்கள் அல்ல. முருகைக்கல்லும் இருந்தது. பவளப்பாறை என்று புத்தகங்களில் படிக்கிறோமே, அதுதான். பெயரில் கல் இருப்பதால் பலர் அதைக் கல் என்றே எண்ணுகிறார்கள். அது உயிர். மிகச் சிறிய பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து, தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. அது வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துத் தன் வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. பவளத்துக்கு அழகான நிறம் வருவதிலும் அந்தக் குடியிருப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானாலோ வேறு துன்பம் வந்தாலோ இந்தக் கூட்டு பிரிகிறது. பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். வெளுத்த உடனே அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். துன்பம் சீக்கிரம் நீங்கினால் மீளும். நீடித்தால் சாகும்.

இது நம் நாட்டுக் கடலிலேயே நடந்தது. 1998ல் கடல் நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடானபோது, ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் என்ற பெரிய முருகைப் பாறையிலும் ஆழமற்ற இடங்களில் இருந்த உயிருள்ள பவளத்தில் பெரும்பகுதி அழிந்தது. திருகோணமலைப் பக்கம் அவ்வளவு பாதிப்பு இல்லை. பார் ரீஃபில் பத்து வருடங்கள் போல் சென்ற பின் மீண்டும் பவளம் நன்றாக வளரத் தொடங்கியது. 2016ல் மறுபடியும் கடல் சூடாகி, வளர்ந்தது வெளுத்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அழிந்த முருகைப் பாறை மீண்டும் தொடங்க இரண்டு விடயங்கள் வேண்டும். அழித்த காரணம் நீங்க வேண்டும். புதிய உயிர் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கடலில் அலை அதைக் கொண்டுவருகிறது. கண்ணாடித் தொட்டிக்கு அலை வராது. ஒரு மனிதக் கை தினமும் போக வேண்டும். அந்தக் கை யாருடையது?

தொட்டி எப்படி நலிந்தது?

புயலால்தான் எல்லாம் போனது என்று மச்சான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தங்கையிடம் கேட்கக் கேட்க, புயலுக்கு ஒரு வருடம் முன்பே தொட்டி நோயாளியாகிவிட்டது தெரிந்தது.

கடல் நீரில் ஒரு லீட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 200 லீட்டருக்கு 7 கிலோ. இது சமையல் உப்பு அல்ல. சமையல் உப்பில் கல்சியமும் மக்னீசியமும் போதாது. பவளம் வீடு கட்ட அவை இரண்டும் வேண்டும். அதனால் இதற்கென்றே தயாரித்த உப்பு வாங்க வேண்டும். அவளுடைய தொட்டியில் தினமும் சுமார் 2 லீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மாத்திரம். உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

2024ல் தங்கை மூன்றாவது பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு வாரம் தொட்டியைப் பார்த்தவர் எங்கள் உம்மா. பாவம், "கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதானே ஊத்தணும்" என்று நினைத்து, வாளியில் கரைத்து வைத்திருந்த உப்புத்தண்ணீரைத் தினமும் 2 லீட்டர் ஊற்றியிருக்கிறார். கணக்குப் பாருங்கள். 14 நாளில் 28 லீட்டர். அதோடு சேர்ந்து போன உப்பு 980 கிராம். லீட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 40 கிராமை எட்டியது. தங்கை பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது கல்முருகைகளின் நுனிகள் வெளுத்திருந்தன. பயந்துபோய் ஒரே நாளில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் குறைத்தாள். அந்தத் திடீர் மாற்றம் இரண்டாவது அடி.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? உம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்கை பிள்ளைப்பேற்றில் இருந்தாள். மச்சான் தொலைபேசியில், "இந்தத் திருகாணியைத் திருப்பு, அந்தத் துளியைப் போடு" என்று இரவு பத்து மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குழந்தை ஒரு தோளில், தொட்டிக் குழாய் மறு கையில். அவர் இல்லாத தொட்டிக்கு அவருடைய ஆசையும் இவளுடைய முதுகும்தான் மூலதனம்.

அதன்பின் பிள்ளைகள் அன்பினால் உணவை அள்ளிப் போட்டார்கள். மிஞ்சிய உணவு அழுகியது. பச்சை நிறத்தில் முடி போன்ற பாசி கற்களைப் போர்த்தியது. பழுது பார்க்க நேரமில்லாமல் மாதங்கள் போயின.

அந்த ஆறு நாட்கள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. ஊவா மலைகளில் அந்த மழை என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்தது, வீதிகள் மூடப்பட்டன, லயங்களும் வீடுகளும் மனிதரோடு புதைந்தன. தங்கையின் வீட்டில் கரண்ட் போய் ஆறாம் நாள்தான் வந்தது.

உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கரண்ட் நின்றால் முதலில் குறைவது மூச்சு. பம்ப் நின்றவுடன் தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அடுத்தது சூடு. பவளத்துக்கு 25, 26 பாகை வேண்டும். பதுளையின் குளிர்கால இரவுகளில் 20 பாகைக்குக் கீழே இறங்கும். அதற்காகத்தான் அவள் அந்தக் கம்பளியைப் போர்த்தியிருக்கிறாள். நான் ஜனாஸாத் துணி என்று நினைத்தது, உயிரைக் காக்கப் போட்ட போர்வை. மூன்றாவது, நஞ்சு. மீனின் கழிவில் உண்டாகும் அமோனியாவை, கற்களிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட் ஆகவும் பிறகு அவ்வளவு கெடுதியில்லாத நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. மூச்சில்லாமல் அவையும் சாகின்றன. ஒன்று செத்து அழுக, அந்த அமோனியா அடுத்ததைக் கொல்லும்.

முதல் இரவு சுபஹ் வரை தங்கையும் மூத்த மகனும் மாறி மாறி ஜக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் குழாய்த் தண்ணீரும் நின்றது. பக்கத்துப் பாடசாலையில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. தங்கையின் வீட்டில் தொட்டிக்கென்று வடிகட்டி, மூடி வைத்த இரண்டு டிரம் நல்ல தண்ணீர் இருந்தது. ஒரு தாய் பால்போத்தலோடு வந்து நின்றாள்.

"முதல் டிரம்ம யோசிக்காமத் தூக்கிக் குடுத்தேன் நானா" என்றாள் தங்கை. "ரெண்டாவதக் குடுக்க ஒரு நிமிஷம் யோசிச்சேன். மீனுக்கு வேணுமே என்று. அந்த ஒரு நிமிஷம்தான் இன்னமும் மனசுல கிடக்குது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரண்டாவதையும் கொடுத்தாள். ஆனால், தொட்டியைத் திரும்பத் தொடங்கலாமா என்ற கேள்விக்குள் அவளை உறுத்திக்கொண்டிருந்தது பணமோ வேலையோ அல்ல, இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஆறாம் நாள் எண்ணியபோது, இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துறவி நண்டு, சில நத்தைகள், பொத்தான்கள் போலப் பரந்து வளரும் மென்பவளத்தின் ஒரு திட்டு, இவையே மிச்சம். கல்முருகைகள் எல்லாம் வெண்ணிறமாகிவிட்டன.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

சகோதரிகளே! அன்றிரவு நாங்கள் ஒரு தாளை எடுத்து, முடிவை எழுதாமல் கேள்விகளை எழுதினோம். உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் தருகிறேன்.

முதற் கேள்வி: அழித்த காரணம் நீங்கிவிட்டதா? புயல் போய்விட்டது. ஆனால் புயலுக்கு முன் இருந்த நோய், அதாவது பார்ப்பதற்கு ஆளில்லாமை, அப்படியே இருக்கிறது. புதிய பவளம் வாங்கிப் போட்டால் அதே நோய் புதிய உயிரைப் பிடிக்கும். இதற்கு விடை காணாமல் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவதில் பயனில்லை.

இரண்டாவது: வேலை யாருடையது? தினமும் தண்ணீர் மட்டம், சூடு, மீனின் நிலை பார்ப்பது, வாரம் ஒருமுறை 20 லீட்டர் மாற்றுவது, கண்ணாடி துடைப்பது, உப்பும் நைட்ரேட்டும் அளப்பது. வாரம் 20 லீட்டருக்கு 700 கிராம் உப்பு. வருடத்துக்கு 36 கிலோவுக்கு மேல். வாளி தூக்குவது கட்டாரிலிருந்து நடக்காது. யார் வாளி தூக்குகிறாரோ அவருக்கே முடிவில் முதல் வாக்கு.

மூன்றாவது: செலவு. விளக்கு, பம்ப், ஹீட்டர் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு இரண்டரை அலகுக்கு மேல், மாதத்துக்கு 80 அலகு போல் மின்சாரம். நம் நாட்டில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும் என்பது பில் கட்டும் உங்களுக்குத் தெரியும். தொடங்கும் செலவை எல்லாரும் எண்ணுகிறார்கள். மாதச் செலவை எண்ணுபவர் குறைவு.

நான்காவது: அது எங்கிருந்து வந்தது? கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988ல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லைத் தோண்டுவதையும் எடுத்துச் செல்வதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. கல்முருகைகள் வெளிநாட்டு வியாபாரத்திலும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. மச்சானிடம் தொலைபேசியில் கேட்டேன்: "முந்திய பவளம் எங்க எடுத்தது?" கொஞ்ச நேரம் மௌனம். "கொழும்புல ஒருத்தர் தந்தார் மச்சான்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. 1998க்குப் பிறகு எவ்வளவோ வருடம் எடுத்து மீண்ட ஒரு பாறையிலிருந்து உடைத்ததாகவும் இருக்கலாம் அல்லவா? நம் மண்டபத்தின் அழகுக்காக அதை எடுக்கலாமா? கோமாளி மீன் அப்படியல்ல. அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். கேட்டு வாங்கினால் கடலைத் தொடாத மீன் கிடைக்கும்.

ஐந்தாவது: விட்டுவிடுவதென்றால் இருப்பவை எங்கே போகும்? கோமாளி மீன் நன்றாகப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். பதுளு ஓயாவில் விட்டால் உப்பில்லாத தண்ணீரில் அது உடனே செத்துவிடும். நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வளர்க்க முடியவில்லை என்று ஆற்றிலும் குளத்திலும் விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து போன கத்தி மீனும், கண்ணாடியை உறிஞ்சும் மீனும் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டன. உப்புத்தண்ணீரையும் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். உம்மாவின் கறிவேப்பிலை மரம் பட்டுப்போன காரணம் அதுதான்.

ஓர் எச்சரிக்கை

இந்த இடத்தில் தாய்மார்கள் கவனமாகப் படியுங்கள். பழைய கற்களைச் சுத்தம் செய்ய உம்மா பெரிய சட்டியில் போட்டு அவிக்கலாம் என்றார். நல்லவேளையாக அன்று விறகு நனைந்திருந்தது. நான் சொன்ன அந்தப் பொத்தான் வகை மென்பவளங்கள் சிலவற்றில் மிகக் கொடிய நஞ்சு உண்டு. கல்லை அவித்தால் ஆவியோடு வீடு முழுவதும் பரவும். 2018ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்தபோது, அந்தக் குடும்பத்தினரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அவிக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், காய்ந்த கல்லைச் சுரண்டாதீர்கள். கையுறை அணிந்து, கண்ணைக் காத்து, தண்ணீருக்குள் வைத்தே அகற்ற வேண்டும். கையில் காயமிருப்பவரும் சிறு பிள்ளைகளும் தள்ளி நிற்க வேண்டும்.

ஒரு மாதக் கொப்பி

கேள்விகள் எழுதியாயிற்று. விடை? நான் முடிவு சொல்ல மறுத்துவிட்டேன். பதிலாக ஒரு யோசனை சொன்னேன். மகனின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து 30 கோடு போடச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்கக் கூடாது. புதிய பவளமும் இல்லை, புதிய மீனும் இல்லை. இருப்பவற்றை மாத்திரம் பார்க்க வேண்டும். அஸருக்குப் பின் தினமும் ஒரே நேரத்தில் சூடும் உப்பும் எழுதி, தண்ணீர் மட்டத்தைக் கோடு வரை நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளக்க வேண்டும். கொப்பி நிறைந்தால் இந்த வீட்டில் இதற்கு இடமிருக்கிறது. நிறையாவிட்டால் அதுவே பதில்.

உம்மாவுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தோம். தொட்டியின் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. நல்ல தண்ணீர் வாளிக்கு நீல நிற மூடி. உப்பு வாளிக்குச் சிவப்பு மூடி. "இத முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றார் உம்மா. சரிதான். அவர் மீது பழி போட்டுக்கொண்டிருந்த ஒன்றரை வருடத்தில் யாரும் ஒரு மூடியின் நிறத்தை மாற்ற நினைக்கவில்லை.

மகன் செத்த பாசியைக் கையால் பிடுங்கினான். பொத்தான் பவளம் ஒட்டியிருந்த கல்லுக்கு அவனைப் போக விடவில்லை. உயிருள்ள கற்களை வெளியே எடுக்காமல், தண்ணீருக்குள்ளேயே வைத்தோம். நுண்ணுயிர்கள் இருப்பது அவற்றில்தான். மணலின் அழுக்கைச் சிறிது சிறிதாகக் குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவியிருந்தால், புதிதாக அந்த நுண்ணுயிர்கள் உண்டாக நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். மீன்களுக்கு அதுவரை இடமிருக்காது. இரண்டாவது வாரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாயின.

தங்கையின் முடிவு

மாதம் முடிந்து நான் போனபோது கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். 27 நாள் எழுதப்பட்டிருந்தது. மூன்று நாள் வெறுமை.

"சின்னவளுக்குக் காய்ச்சல்" என்றாள்.

"மூன்று நாள்தானே" என்றேன்.

"மீனுக்கு மூணு நாள் தாங்கும் நானா. கல்முருகைக்குத் தாங்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வராம இருக்கவும் மாட்டாது."

முடிவை அவளே எடுத்துவிட்டாள். முருகைத் தொட்டியாக மீண்டும் தொடங்குவதில்லை. ஆனால் மூடுவதும் இல்லை. இரண்டு கோமாளி மீன்களும் நண்டும் நத்தைகளும் அவற்றின் ஆயுள் வரை அங்கேயே இருக்கும். பொத்தான் பவளத்தைப் பண்டாரவளையில் அனுபவமுள்ள ஒருவர் கல்லோடு வந்து எடுத்துச் சென்றார். மீன் மாத்திரம் உள்ள தொட்டிக்குக் கல்சியம் அளக்கத் தேவையில்லை. நைட்ரேட் சற்றுக் கூடினாலும் தாங்கும். பெரிய விளக்கும் தேவையில்லை. மின்சாரம் பெருமளவு குறைந்தது.

மச்சானிடம் அவளே பேசினாள். நான் பக்கத்திலிருந்தேன். "பவளத்துக்கென்று வெச்ச காசுல ஒரு பற்றரி வாங்குங்க. கரண்ட் போனாப் பம்ப் ஓடணும். நீங்க ஊரோட வந்த பிறகு, வாளி தூக்க ஆளிருந்தா, அப்ப பாப்போம்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, நீ சொல்றதுதான்" என்றார். அவருக்கு வருத்தம் இருந்தது குரலில் தெரிந்தது. ஆனாலும் ஆசைப்பட்டவர், அந்த ஆசையைச் சுமந்தவளின் பேச்சைக் கேட்டார். ஒரு குடும்பத்தில் மஷூரா என்பது இதுதானே?

பற்றரி போக மீதிப் பணம் இருந்தது. அதை எங்கே கொடுத்தாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வடிகட்டிய தண்ணீர் டிரம் மட்டும் இப்போது மூன்றாகியிருக்கிறது. "மூணாவது எதுக்கு?" என்று கேட்டதற்கு, "அது தொட்டிக்கு இல்ல" என்றாள்.

கடந்த ஞாயிறு நான் அங்கே இருந்தபோது, தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன் தன் சிறு மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். புயலுக்குப் பின் முதல் தடவை. கம்பளியை எடுத்து மடித்து வைத்திருந்தார்கள். பிள்ளை கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். பழைய நிறங்கள் ஒன்றும் இல்லை; வெள்ளைக் கல், கொஞ்சம் மணல், இரண்டு மீன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி உப்பா?" என்று கேட்டாள்.

தங்கை மூடியைத் திறந்து, சுண்டுவிரலை நனைத்துப் பிள்ளையின் கையில் ஒரு சொட்டு வைத்தாள். பிள்ளை அதை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் போர்வை போட்டு மூடிய ஏதோ ஒன்று இருந்தால், அதை உடனே தூக்கி எறியவும் வேண்டாம். உடனே கடன் வாங்கித் தொடங்கவும் வேண்டாம். யார் பேசுகிறார், யார் சுமக்கிறார் என்று பாருங்கள். இருப்பதை ஒரு மாதம் ஒழுங்காகப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி உங்களுக்குப் பதில் சொல்லும், இன்ஷா அல்லாஹ்.